மனோராவுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால், மனோராவுக்குப் போகும் குடும்பங்களும் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் என்னிடம் வழி கேட்பது வழக்கம். வழியில் தொடங்கும் பேச்சு நெப்போலியனில் போய் நிற்கும். ஏறக்குறைய ஒரே ஐயங்களே ஒவ்வொரு முறையும் எழுவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மனோரான்னா என்ன சார்? கோட்டைன்னு சொல்றாங்க, கோபுரம்னு சொல்றாங்க.

தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராசன்பட்டினத்தில் நிற்கும் அறுகோண வடிவக் கோபுரம் அது. எட்டு நிலைகளும் ஏறத்தாழ 75 அடி உயரமும் கொண்டது. ஒவ்வொரு நிலையிலும் வளைவுச் சாளரங்களும் வெளியே நீண்ட விளிம்புகளும் இருப்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குடைகளை அடுக்கி வைத்தது போலத் தோன்றும். சுற்றிலும் மதிலும் அகழி போன்ற பள்ளமும் இருப்பதாலேயே மக்கள் அதைக் கோட்டை என்று அழைக்கிறார்கள்.

ஆனால் அது முற்றுகையைத் தாங்குவதற்காக எழுப்பிய கோட்டை அன்று. கடலோரத்தில் எழுப்பிய ஒரு போர் நினைவுச்சின்னம். உயர்ந்த கோபுரத்தைக் குறிக்கும் ‘மினார்’ என்ற சொல்லே மக்கள் வாயில் ‘மனோரா’ ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஊரின் பெயரிலுள்ள ‘சரபேந்திரராசன்’, அதைக் கட்டிய தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியைக் குறிக்கிறது.

தஞ்சாவூர்லேர்ந்து எப்படிப் போறது? ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

தாராளமாகப் போய் வரலாம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பட்டுக்கோட்டையிலிருந்து மட்டும் கணக்கிட்டால் 20 கிலோமீட்டர் அளவு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருபவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடந்து வரலாம். ரயிலில் வருபவர்கள் திருவாரூர்–காரைக்குடி பாதையில் பட்டுக்கோட்டையில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வழியாக வருபவர்கள் ஒரத்தநாட்டில் அரை மணி நேரம் இறங்கி முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தாம் நேசித்த முக்தாம்பாளின் நினைவாகச் சரபோஜி எழுப்பிய அன்னசத்திரம் அது. ஒரு பெண்ணின் நினைவுக்காகப் பசித்தவர்க்குச் சோறிடும் இடத்தையும், ஒரு போரின் நினைவுக்காகக் கடலோரக் கோபுரத்தையும் ஒரே மன்னர் கட்டியிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் அவரைப் பற்றி வேறு விதமாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

எந்த மாசம் போனா நல்லது?

தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையை எப்படிப் புரட்டிப் போடும் என்பதை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது பார்த்தோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. சித்திரை, வைகாசியில் போவதானால் காலை எட்டு மணிக்குள் அங்கே இருங்கள்.

மேலே ஏற விடுவாங்களா?

உள்ளே சுழற்படிக்கட்டு உண்டு. எத்தனை நிலை வரை ஏறலாம் என்பது படிகளின் நிலைமையைப் பொறுத்தது என்பதால், அன்று அங்கே பொறுப்பில் இருப்பவர் சொல்வதே முடிவு. கதவு பூட்டியிருந்தால் வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் மனோராவில் பார்க்க வேண்டிய முதன்மையான பொருள் உச்சியில் இல்லை. சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டில் இருக்கிறது. ஏறி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, கல்வெட்டைப் பார்க்காமலே திரும்பும் பேருந்துகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பின்வரும் பதில்களில் பாதி அந்தக் கல்வெட்டைச் சுற்றியே அமையும்.

அந்தக் கல்வெட்டுல அப்படி என்ன எழுதியிருக்கு?

ஆங்கிலம், தமிழ், மராத்தி உள்ளிட்ட பல மொழிகளில் ஒரே செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலேய அரசின் நண்பரும் துணைவருமான சரபோஜி மகாராஜா, ஆங்கிலேயப் படைகள் பெற்ற வெற்றிகளையும் போனபார்ட்டின், அதாவது பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின், வீழ்ச்சியையும் நினைவுகூர்வதற்காக இதை எழுப்பினார் என்பதே அதன் சாரம். ஆண்டு 1814.

சொற்கள் குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் நிறுத்துப் போட்டது. ‘நண்பர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அடுத்த பதிலில் பார்ப்போம். ‘படைகள்’ என்று பொதுவாகச் சொல்லியிருப்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது பிறகு தேவைப்படும்.

எங்கேயோ ஐரோப்பாவுல நெப்போலியன் தோத்ததுக்கு நம்ம தஞ்சாவூர் ராஜா எதுக்குக் கோபுரம் கட்டணும்?

இந்தக் கேள்வியே அதிகம் வருகிறது. சரபோஜி 1798-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு அரியணை ஏறினார். மறுஆண்டு, 1799-இல், ஓர் உடன்படிக்கையின் மூலம் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் ஆண்டுப் பணமும் மட்டுமே மிஞ்சின. ஆகவே 1814-இல் அவர் ‘நண்பர்’ என்று தம்மைக் குறிப்பிட்டபோது, நாட்டை இழந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆள்பவரோடு இணக்கமாக இருப்பதைக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் அவர் இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

அதோடு நிறுத்திவிட்டால் நாம் அவருக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். அவர் பிறந்தது 1777-இல். நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது, 1781-இல், ஹைதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடின; ஊர்கள் வெறிச்சோடின, பயிர் அழிந்தது. ஹைதருக்கும் அவர் மகன் திப்புவுக்கும் நட்பாக இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சரபோஜியை இளமையில் காத்து வளர்த்தவரோ சுவார்ட்சு என்ற கிறித்தவப் போதகர். பிரெஞ்சுப் பேரரசின் வீழ்ச்சியை அத்தகைய ஒருவர் மெய்யாகவே நிம்மதியோடு வரவேற்றிருக்கக் கூடும். பணிவு எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் கல்வெட்டு இடம் தரவில்லை. இரண்டும் இருந்தன என்பதே என் கருத்து.

வாட்டர்லூ சண்டை நினைவாகத்தானே கட்டினது? எங்க புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்தது.

பல இடங்களில் அப்படி அச்சாகியிருக்கிறது, ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போர் நடந்தது 1815 சூன் 18 அன்று. கல்லில் இருப்பது 1814. நடக்காத போருக்கு யாரும் முன்கூட்டியே நினைவுச்சின்னம் வைப்பதில்லை.

1814-க்குப் பொருந்தும் நிகழ்வுகள் வேறு. 1813 அக்டோபரில் லைப்சிக் நகரில் நெப்போலியன் பெருந்தோல்வி அடைந்தார்; 1814 மார்ச் 31 அன்று எதிரிப் படைகள் பாரிசு நகருக்குள் நுழைந்தன; ஏப்ரலில் அவர் முடி துறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். சூயஸ் கால்வாய் இல்லாத அந்நாளில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரும் கப்பல்தான் இந்தச் செய்தியைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ‘வீழ்ச்சி’ என்று கல்லில் பொறித்தவர்கள் எல்பாவோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியிருந்தார்கள். மறுஆண்டே அவர் தப்பி வந்து மீண்டும் படை திரட்டியபோது, தஞ்சைக் கடற்கரையில் அவருடைய வீழ்ச்சிக்கான கல்வெட்டு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நெல்சன் கப்பல்ல செத்துப்போன மாலுமிகளுக்காகக் கட்டினதுன்னு ஒருத்தர் சொன்னார். கடற்கரையில இருக்கறதால அது சரியா இருக்கும்போலத் தோணுதே?

தோன்றுவது இயல்பு. 1805 அக்டோபர் 21 அன்று இசுபெயின் நாட்டுக் கரைக்கு அருகே டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் நெல்சன் வென்றார். அதே போரில் குண்டடி பட்டு இறந்தார். ஆங்கிலேயரின் கடல் வெற்றி என்றாலே நினைவுக்கு வருவது அதுதான். கோபுரமும் கடலைப் பார்த்து நிற்கிறது. இரண்டையும் இணைத்துக் கதை பிறந்திருக்க வேண்டும்.

கல்வெட்டோ கடற்போர் என்றும் சொல்லவில்லை, நெல்சன் பெயரையும் சொல்லவில்லை. முன்பே குறிப்பிட்டது போல, ‘படைகளின் வெற்றிகள்’ என்ற பொதுச் சொல்லில் நிலப்படையும் அடங்கும், கப்பற்படையும் அடங்கும். ஆகவே, மாலுமிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னால் தவறில்லை. மாலுமிகளுக்காகவே எழுப்பியது என்று சொன்னால் அது கல்வெட்டை மீறிய பேச்சு. இறந்த ஒருவருடைய பெயர்கூட அதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனோரா வெற்றியை நினைவுகூர்கிறது, உயிரிழந்தவர்களை நினைவுகூரவில்லை.

அப்போ அந்தச் சண்டைக்கும் நம்ம கடலுக்கும் சம்பந்தமே இல்லையா?

நிறைய உண்டு. காவிரி டெல்டாவின் துறைமுகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஐரோப்பிய நாட்டின் கையில் இருந்த காலம் அது. காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடமும், தரங்கம்பாடி டேனிசுக்காரரிடமும், நாகப்பட்டினம் முதலில் ஒல்லாந்தரிடமும் 1781-க்குப் பிறகு ஆங்கிலேயரிடமும் இருந்தன. ஐரோப்பாவில் யார் யாரோடு சண்டையிட்டாலும், இங்கே ஒரு துறைமுகத்தில் கொடி மாறும். நெப்போலியனின் பக்கம் டென்மார்க் சேர்ந்ததும், 1808-இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். காரைக்காலையும் போர்க்காலத்தில் எடுத்துக்கொண்டு, போர் முடிந்த பிறகே திருப்பிக் கொடுத்தார்கள்.

கடலிலேயே போர்கள் நடந்தன. 1746 சூலை 6 அன்றும், சரியாக 36 ஆண்டுகள் கழித்து 1782 சூலை 6 அன்றும், நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதின. இரண்டாவது போரில் பிரெஞ்சுப் படைக்குச் சுஃப்ரென் என்பவரும் ஆங்கிலேயப் படைக்கு எட்வர்டு ஹியூசு என்பவரும் தலைமை தாங்கினார்கள். அந்த இருவர் 1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வங்கக் கடலிலும் இலங்கைக் கரையிலுமாக ஐந்து முறை மோதினார்கள். அந்தப் போர்களில் இறந்த மாலுமிகளைச் சுமந்த கடல் நம்முடைய கடல்தான். நாகப்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே நாம் பார்க்கும் அடிவானத்துக்குள் பீரங்கிகள் வெடித்திருக்கின்றன என்பதை என் மாணவர்கள் யாரும் முன்னதாகக் கேள்விப்பட்டதில்லை. நானும் வேலைக்கு வந்த பிறகே அறிந்துகொண்டேன்.

பெயரே இல்லாம எப்படி நினைவுச்சின்னம்? நம்ம ஊர் நடுகல்லுல வீரனோட பெயர் இருக்குமே?

நல்ல கேள்வி. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் பெயரும் பீடும் எழுதுவது தமிழரின் பழைய மரபு. ஆனிரை மீட்கப் போய் இறந்த சிற்றூர் வீரனுக்கும் நடுகல் உண்டு. அந்த மரபின் கண்ணோடு பார்த்தால் மனோரா வெறுமையாகவே தெரியும்.

ஆனால் கடலோடிகள் விஷயத்தில் நம்முடைய பெரிய கல்வெட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. வென்ற ஊர்களின் பட்டியல் நீளமாக வருகிறது. கலம் செலுத்தியவர்களில் ஒருவர் பெயரும் வரவில்லை. அதே கோயிலில்தான் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுதத் தெரியாமலோ இடம் இல்லாமலோ விட்டுப்போனதன்று என்பது அதிலிருந்து விளங்கும். கடலில் போனவர்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை.

உள்ளே யாரையாவது புதைச்சிருக்காங்களா? செருப்பைக் கழட்டணுமா? பூ வைக்கலாமா?

அது கல்லறை இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதியும் இல்லை. பூ வைத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை என்றாலும், மாலையை ஆணியடித்து மாட்டுவது, கல்வெட்டின்மீது சுண்ணாம்போ எண்ணெயோ தடவி எழுத்தைத் தெளிவாக்க முயல்வது ஆகியவை கூடவே கூடாது. எழுத்துத் தெரியவில்லை என்றால், காலையிலோ மாலையிலோ சாய்வான வெயிலில் பாருங்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலும் போதும். சுவரில் பெயர் கிறுக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். இறந்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லாத சுவரில், பார்க்க வந்தவர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

வெள்ளைக்காரன் ஜெயிச்சதுக்கு வச்ச கல்லை நாம ஏன் போய்ப் பார்க்கணும்? இடிக்காம விட்டதே பெரிசு.

இதைக் கேட்டவர் சுதந்திரப் போராட்டக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் என் பதில் ஒன்றே. 1799-இல் நாடு போனதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. தம் பெயரால் அமைந்த ஊரில், தம் செலவில், இன்னொருவரின் வெற்றியைக் கல்லில் எழுதிவைக்க வேண்டிய நிலைக்கு ஒரு தமிழகத்து மன்னர் வந்திருந்தார் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் அவர் மகன் இறந்ததும், அந்த நட்புக்கு எந்த மதிப்பும் தராமல் கம்பெனி அரச பதவியையே ஒழித்துவிட்டது. கோபுரத்தை இடித்திருந்தால் இதைச் சொல்லிக்கொடுக்க நமக்கு ஒரு சான்று குறைந்திருக்கும்.

சுனாமியில தப்பிச்சுதா?

2004 டிசம்பர் 26 அன்று வந்த அலைகளால் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. இப்போது புதிதாகத் தெரியும் பூச்சு பிற்காலத்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பிள்ளைங்க கடல்ல இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை அடங்கியது; இராமேசுவரத்து மீனவர்கள் இதைப் பெண் கடல் என்பார்கள். ஆனால் இந்தக் கரையில் மணலைவிடச் சேறு அதிகம், கால் புதையும். ஒருமுறை ஒரு மாணவனை மூன்று பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவன் நின்றது முழங்கால் தண்ணீரில்தான். மதில்மேல் ஏறி ஓடுவதையும் தடுத்துவிடுங்கள்.

கடற்பசு தெரியும்னு சொன்னாங்களே?

கரையிலிருந்து பார்க்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த உயிரினம், இந்தக் கடலடிப் புல்வெளிகளை மேய்ந்து வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மனோரா அந்தப் பரப்பை ஒட்டியே நிற்கிறது.

மாலுமிகளுக்குன்னே வச்ச நினைவிடம் பார்க்கணும்னா எங்கே போறது?

விசாகப்பட்டினத்தின் இராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போகலாம். 1971 போரில் இந்தியக் கடற்படை பெற்ற வெற்றிக்கான நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. அருகிலேயே, பணி ஓய்வு பெற்ற குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒருமுறை நடந்து பார்த்தால் மாலுமியின் வாழ்க்கை எவ்வளவு நெருக்கடியானது என்பது உடம்புக்கே தெரியும்.

இறந்தவர்களுக்காகவே அமைந்தது, குஜராத் கரையை ஒட்டிய டையூவில் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 இரவு, குக்ரி என்ற நம் போர்க்கப்பல் டையூ கரைக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது; 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா, மற்றவர்களைத் தப்பச் செய்துவிட்டுத் தாம் கப்பலோடு மூழ்கினார். கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக்குள் அந்தக் கப்பலின் மாதிரி நிற்கிறது. மனோராவைப் பார்த்தவர்கள் அதையும் பார்க்க வாய்த்தால், வெற்றிக்கு வைத்த கல்லுக்கும் இறந்தவர்களுக்கு வைத்த கல்லுக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல் வேலைக்குப் போய் உலகப் போர்ல திரும்பி வரலை. மனோராவுல அவர் பெயர் இருக்குமா?

இதைக் கேட்ட அம்மா, பேரப்பிள்ளைகளோடு அங்கே போகவே திட்டமிட்டிருந்தார். மனோரா உலகப் போர்களுக்கு நூறாண்டு முந்தையது. அங்கே பெயர் இருக்காது. ஆனால் தேட இடம் இருக்கிறது. கடலில் இறந்து கல்லறை இல்லாமல் போன இந்திய மாலுமிகளுக்காக, இரண்டு உலகப் போர்களுக்கும் மும்பையில் நினைவிடங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றி இறந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரேடு மும்பைக்கும் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிற்கும் பொதுவானது. இவற்றைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம், கட்டணம் இல்லை.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். காதில் விழுந்தபடி பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கப்பல் எழுத்தர்கள். முத்துசாமியை இரண்டு சொல்லாகப் பிரித்திருப்பார்கள். மரைக்காயரில் பாதியை விட்டிருப்பார்கள். நாகப்பட்டினத்தை ‘நெகபடாம்’ என்று எழுதியிருப்பார்கள். ஆகவே ஒரு பெயரைக் குறைந்தது ஐந்தாறு விதமாக எழுதிப் பாருங்கள், தந்தை பெயரையும் சேர்த்துப் பாருங்கள், கப்பலின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.